சுந்தர ராமசாமி என்கிற பசுவய்யா: வாசகர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சுந்தர ராமசாமியை வாசிக்கத் தொடங்குகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். தகவல்கள் பொதுவில் உள்ளவை. அபிப்பிராயங்கள் என்னுடையவை.

சுந்தர ராமசாமியும் பசுவய்யாவும் ஒரே ஆளா?

ஆமாம். கதை, நாவல், கட்டுரை, மொழிபெயர்ப்பு எல்லாவற்றையும் சுந்தர ராமசாமி என்ற பெயரில் எழுதினார். கவிதைக்கு மட்டும் பசுவய்யா. நண்பர்களுக்கும் வாசகர்களுக்கும் அவர் சு.ரா. பெயர் இரண்டாக இருந்தாலும் மனம் ஒன்றுதான் என்பது இரண்டையும் சேர்த்து வாசித்தால் தெரியும். ஒரே சந்தேகங்கள், ஒரே பிடிவாதங்கள் இரண்டு இடத்திலும் வருகின்றன.

எங்கே பிறந்தார்? எங்கே வாழ்ந்தார்?

1931 மே 30 அன்று நாகர்கோவிலில், தழுவிய மகாதேவர் கோவில் பகுதியில் பிறந்தார். சிறு வயது கோட்டயத்தில் கழிந்தது. எட்டு வயது வாக்கில் குடும்பம் நாகர்கோவிலுக்குத் திரும்பியது. பிறகு ஆயுள் முழுவதும் அந்த ஊர்தான். வாழ்வின் பிற்பகுதியில் அமெரிக்காவில் இருந்த பிள்ளைகளிடம் போய்வந்து கொண்டிருந்தார். 2005 அக்டோபர் 14 அன்று கலிபோர்னியாவில் காலமானார். நம் நேரப்படி அது 15ஆம் தேதி என்பதால் சில புத்தகங்களில் தேதி ஒரு நாள் தள்ளி இருக்கும்.

ஊர் விவரத்தை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், அவர் பிறந்து வளர்ந்த நாகர்கோவில் அன்று திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. கன்னியாகுமரி மாவட்டம் அன்றைய சென்னை மாநிலத்தோடு இணைந்தது 1956 நவம்பர் 1 அன்று. அப்போது அவருக்கு 25 வயது. வீட்டில் தமிழ், பள்ளியிலும் அலுவலகத்திலும் மலையாளம் என்று வாழ்ந்த தலைமுறை அது. இந்த எல்லையோர வாழ்க்கை தெரியாமல் அவருடைய மூன்று நாவல்களில் ஒன்றைக்கூட முழுசாகப் புரிந்துகொள்ள முடியாது.

18 வயதில்தான் தமிழ் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டார் என்பது உண்மையா?

உண்மை. பள்ளியில் அவர் படித்தது மலையாளமும் ஆங்கிலமும் சமஸ்கிருதமும். பத்து வயதில் மூட்டுவாத நோய் வந்து நீண்ட காலம் படுக்கையில் கிடந்தார். படிப்பு தடைப்பட்டு, பள்ளி இறுதியைத் தாண்டாமலே நின்றுபோனது. தமிழ் எழுத்துகளைப் பதினெட்டு வயதில் சுயமாகக் கற்றுக்கொண்டு வாசிக்க ஆரம்பித்தார். முதல் கதை 1951இல் வெளிவந்தது. அதாவது எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கிய இரண்டு மூன்று வருடங்களில் கதாசிரியர் ஆகிவிட்டார்.

இதை ஒரு அதிசயமாகச் சொல்லி நகர்ந்துவிடுகிறார்கள். எனக்கு அது அவருடைய உரைநடைக்கான திறவுகோலாகப் படுகிறது. பள்ளிக்கூடத் தமிழ்ப் பாடம் நமக்கெல்லாம் இலவசமாகக் கொடுத்துவிடும் அலங்காரங்கள், தேய்ந்த தொடர்கள், மேடைச் சொற்கள் எதுவும் அவருக்கு வந்து சேரவில்லை. ஒவ்வொரு சொல்லையும் தானே தேர்ந்து எடுக்கவேண்டி இருந்தது. அவர் வாக்கியங்களில் ஒரு சொல்லை நீக்கிப் பாருங்கள், இடம் காலியாகத் தெரியும்.

அவரை எழுத வைத்தது யார்?

புதுமைப்பித்தன். புதுமைப்பித்தன் 1948இல் இறந்தார். சு.ரா. தமிழ் வாசிக்கத் தொடங்கியதும் அநேகமாக அதே சமயத்தில்தான். அந்தக் கதைகள் அவரைப் பிடித்து ஆட்டிவிட்டன. 1951இல் புதுமைப்பித்தனுக்கு ஒரு நினைவு மலர் கொண்டுவந்தார். அவருடைய முதல் கதையான ‘முதலும் முடிவும்’ அதில்தான் வந்தது. இருபது வயதுப் பையன், நாகர்கோவிலில் இருந்துகொண்டு, கல்லூரிப் பின்னணி எதுவும் இல்லாமல், தனக்குப் பிடித்த எழுத்தாளருக்கு மலர் போடுகிறான். அந்தத் துணிச்சலை நினைத்தால் இன்றும் எனக்கு உற்சாகமாக இருக்கிறது.

மலையாள உலகத்திலிருந்து வந்த பாதிப்பும் பெரிது. தகழி சிவசங்கரப் பிள்ளையின் ‘தோட்டியின் மகன்’ நாவலை இளம் வயதிலேயே மொழிபெயர்த்தார். ஆலப்புழையில் மலம் அள்ளும் தொழிலாளர் குடும்பம் ஒன்றின் மூன்று தலைமுறைக் கதை அது. இசக்கிமுத்து, சுடலைமுத்து என்ற பெயர்களே அந்தக் குடும்பம் எங்கிருந்து போனது என்று சொல்லிவிடும். மொழிபெயர்ப்பு ‘சரஸ்வதி’ இதழில் வந்தது, புத்தகமாக வெளிவரப் பல பத்தாண்டுகள் ஆயின. தகழியின் ‘செம்மீன்’ நாவலின் தமிழாக்கமும் அவருடையது. அது 1962இல் சாகித்ய அகாதமி வெளியீடாக வந்தது.

கம்யூனிஸ்டாக இருந்தாரா?

இளமையில் இடதுசாரி இயக்கத்தோடு நெருக்கமாக இருந்தார். தொ.மு.சி. ரகுநாதன் நடத்திய ‘சாந்தி’, விஜயபாஸ்கரன் நடத்திய ‘சரஸ்வதி’ இரண்டிலும் அவருடைய ஆரம்பக் கதைகள் வந்தன. நாகர்கோவிலை அடுத்த பூதப்பாண்டியில் பிறந்த ப. ஜீவானந்தத்தின் மீது அவருக்கு அளவற்ற பிரியம். 1963இல் ஜீவா இறந்தபோது எழுதிய ‘காற்றில் கலந்த பேரோசை’ தமிழில் எழுதப்பட்ட மிகச் சிறந்த அஞ்சலிக் கட்டுரைகளில் ஒன்று. தலைவரைப் பற்றி எழுதும்போது வழக்கமாக வரும் துதி ஒரு வரிகூட அதில் இல்லை. ஜீவா மேடையில் பேசும் விதம், கூட்டத்தோடு அவருக்கு இருந்த உறவு, அவரது எளிமை என்று ஒரு மனிதர் எழுந்து வருகிறார்.

ஸ்டாலின் காலத்துக் கொடுமைகள் 1956இல் வெளியே வந்தபின் கட்சி சார்ந்த நம்பிக்கை தளர்ந்தது. அப்புறம் எந்த அமைப்பின் நிழலிலும் அவர் நிற்கவில்லை. இதற்காக இடதுசாரிகளிடம் வாங்கிய விமர்சனம் கொஞ்சமில்லை.

வேலை என்ன பார்த்தார்?

நாகர்கோவிலில் குடும்பத்துக்குச் சொந்தமான ஜவுளிக்கடையைக் கவனித்தார். எழுத்தை நம்பிப் பிழைக்கவேண்டிய நெருக்கடி இல்லாததால்தான் அவ்வளவு மெதுவாக எழுத முடிந்தது என்று சொல்பவர்கள் உண்டு. அதில் உண்மை இருக்கிறது. ஆனால் கடை அவருக்குக் கொடுத்தது பணம் மட்டும் என்று நினைக்கவேண்டாம். ‘விகாசம்’ கதையைப் படியுங்கள். ஜவுளிக்கடையில் பில்லுக்கு மனக்கணக்காகவே கூட்டல் போடும் பார்வையற்ற ராவுத்தர், ஒருநாள் கடைக்குக் கால்குலேட்டர் வந்ததும் அப்படியே நொறுங்கிப் போகிறார். பிறகு தன் நினைவாற்றலால் கடைக்குத் தான் வேறு விதத்தில் எவ்வளவு தேவை என்று காட்டி எழுந்து நிற்கிறார். பண்டிகைக் கால வியாபாரத்தின் நெரிசலைக் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர் மட்டுமே எழுதக்கூடிய கதை.

மூன்று நாவல்கள் மட்டும்தானா?

மூன்றுதான். ‘ஒரு புளியமரத்தின் கதை’ (1966), ‘ஜே.ஜே: சில குறிப்புகள்’ (1981), ‘குழந்தைகள் பெண்கள் ஆண்கள்’ (1998). முதலாவதற்கும் இரண்டாவதற்கும் இடையில் 15 ஆண்டுகள், அடுத்ததற்கு இன்னும் 17 ஆண்டுகள்.

புளியமரம் வெற்றி பெற்றதும் அதே மாதிரி இன்னும் நாலு நாவல் எழுதியிருந்தால் வாசகர்கள் கொண்டாடியிருப்பார்கள். அவர் அதைச் செய்யவில்லை. ஒரு வடிவம் கைவந்துவிட்டது என்று தெரிந்ததும் அதிலிருந்து விலகினார். ஒரே ஆள் எழுதியவைதானா என்று கேட்கும் அளவுக்கு மூன்றும் மூன்று விதம். சு.ரா.வின் வாழ்க்கையில் நான் பெரிதாக மதிப்பது இந்தக் குணத்தைத்தான்.

‘ஒரு புளியமரத்தின் கதை’ எதைப் பற்றியது?

நாகர்கோவில் போன்ற ஓர் ஊரின் முச்சந்தியில் நிற்கும் மரம். அதைச் சுற்றி ஊர் மாறுகிறது, மரம் சும்மா நிற்கிறது. ஆரம்ப அத்தியாயங்களில் தாமோதர ஆசான் என்ற கிழவர் இளைஞர்களை உட்கார வைத்துப் பழங்கதை சொல்கிறார். மகாராஜா காலம், குளம், மரத்தோடு சம்பந்தப்பட்ட சாவு என்று புராணம் மாதிரி விரிகிறது. ஆசான் மறைந்ததும் நாவலின் குரலே மாறிவிடும். சுதந்திரம் வருகிறது, காற்றாடி மரத்தோப்பை வெட்டிப் பூங்கா போடுகிறார்கள், மரத்தடியில் கடைகள் பெருகுகின்றன. தாமு, காதர் என்ற இரண்டு வியாபாரிகளின் போட்டி முனிசிபல் தேர்தல்வரை போகிறது. பத்திரிகை நிருபர் இசக்கி அதில் புகுந்து விளையாடுகிறார். கடைசியில் யாருக்கும் ஒரு கெடுதலும் செய்யாத மரம் மனிதர்களின் சண்டையில் சாகிறது.

ராஜாக்களின் காலத்தைக் கிழவர் வாய்வழிக் கதையாகவும், ஜனநாயகத்தின் காலத்தைச் செய்தித்தாள் வேகத்திலும் சொன்னது பெரிய சாதனை. எந்த விளக்கமும் இல்லாமல் சொல்முறையாலேயே ஒரு யுகம் முடிந்து இன்னொன்று தொடங்குவதை உணரவைத்துவிட்டார். 1966இல் தமிழ் நாவலில் இப்படி ஒன்று புதிது. சிரித்துக்கொண்டே படிக்கலாம் என்பது இன்னொரு காரணம், இன்றும் அது விற்றுக்கொண்டிருப்பதற்கு.

ஜே.ஜே. உண்மையில் வாழ்ந்த எழுத்தாளரா?

இல்லை, கற்பனைப் பாத்திரம். இந்தக் கேள்வி புத்தகம் வந்த நாளிலிருந்து கேட்கப்படுகிறது. அதற்குக் காரணம் நாவலின் கட்டமைப்பு. ஜோசஃப் ஜேம்ஸ் என்ற மலையாள எழுத்தாளன் 1960 ஜனவரி 5 அன்று, பிரெஞ்சு எழுத்தாளர் ஆல்பெர் காம்யு விபத்தில் இறந்ததற்கு மறுநாள், 39 வயதில் இறந்துபோனான் என்ற தகவலோடு நாவல் தொடங்குகிறது. பாலு என்ற தமிழ் எழுத்தாளன் அவனைப் பற்றிய குறிப்புகளைத் தேடிச் சேர்க்கிறான். பின்பகுதியில் ஜே.ஜே.யின் நாட்குறிப்பு வருகிறது. காம்யுவின் மரணம் நிஜம், தேதி நிஜம். நிஜத்துக்குப் பக்கத்தில் கற்பனையை அவ்வளவு நெருக்கமாக வைத்ததால் பலர் ஜே.ஜே.யின் புத்தகங்களைத் தேடினார்கள். மலையாள நாடகாசிரியர் சி.ஜே. தாமஸின் சாயல் ஜே.ஜே.யிடம் இருப்பதாகச் சொல்வதுண்டு. அவரும் 1960இல் மறைந்தவர்.

கதை நகரவில்லையே என்று திகைத்துப் பாதியில் வைத்துவிடுபவர்கள் இருக்கிறார்கள். இதில் நகர்வது எண்ணங்கள்தான். புகழுக்கும் சன்மானத்துக்கும் விட்டுக்கொடுத்துவிடும் எழுத்தாளர்களை, வாசகனைத் தூங்க வைக்கும் இலக்கியத்தை, வேறொரு மொழியின் ஆளை முன்னால் நிறுத்தி நம் மொழியைக் கேள்வி கேட்கிறது இந்த நாவல். தமிழின் புகழ்பெற்ற வரலாற்று நாவல்களை அது கேலி செய்யும் இடங்கள் 1981இல் பலரைக் கோபப்படுத்தின. அந்தக் கோபத்தோடு சேர்ந்துதான் நாவல் பரவியது. 80களில் எழுத வந்த ஒரு தலைமுறையின் பேச்சு நடையிலேயே ஜே.ஜே.யின் தாக்கம் இருந்தது. கல்லூரி வயதில் படித்தால் தலைக்கு ஏறும், நாற்பதில் படித்தால் ஜே.ஜே.யின் தனிமை தெரியும். இரண்டு வயதிலும் படிக்கலாம்.

மூன்றாவது நாவலைப் பற்றி அதிகம் பேச்சு இல்லையே?

அது எனக்கு வருத்தம்தான். ‘குழந்தைகள் பெண்கள் ஆண்கள்’ 1930களின் இறுதியில் கோட்டயத்தில் வாழும் ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை. எஸ்.ஆர்.எஸ். என்ற கண்டிப்பான அப்பா, நோயாளியான அம்மா லட்சுமி, அப்பாவைக் கண்டாலே நடுங்கும் சிறுவன் பாலு, அவன் அக்கா ரமணி. சு.ரா.வின் சொந்தக் குழந்தைப் பருவம் இதில் நிறைய இருக்கிறது.

ஜே.ஜே. போன்ற இன்னொரு அறிவு வாணவேடிக்கையை எதிர்பார்த்தவர்கள் ஏமாந்தார்கள். இங்கே ஆசிரியரின் குரல் முற்றிலும் அடங்கிவிடுகிறது. தலைப்பில் இருக்கும் வரிசையைக் கவனியுங்கள். முதலில் குழந்தைகள், அடுத்து பெண்கள், கடைசியில்தான் ஆண்கள். வீட்டுக்குள் அதிகாரம் யாரிடம் இருக்கிறதோ அவர்களுக்குக் கடைசி இடம். அந்தத் தந்தையை அரக்கனாக்காமல், அவருக்குள் இருக்கும் தவிப்பையும் காட்டியிருப்பது அறுபது வயதைத் தாண்டியபின் கைகூடிய கனிவு. மூன்றில் இதுவே உயர்ந்தது என்று நான் சொல்வேன். ஒப்புக்கொள்ளாதவர்கள் அதிகம் என்பதும் தெரியும்.

கவிதைகள் எப்படி? கவிஞராக அவருக்கு என்ன இடம்?

1959இல் சி.சு. செல்லப்பா ‘எழுத்து’ இதழைத் தொடங்கினார். யாப்பை விட்டு வெளியே வந்த புதுக்கவிதைக்குத் தமிழில் களம் அமைத்த இதழ் அது. ‘உன் கை நகம்’ என்ற பசுவய்யாவின் கவிதை அதே ஆண்டில் அங்கே வந்தது. நகம் வளர்வதையும் அழுக்கு சேர்வதையும் கவிதைக்குப் பொருளாக்கலாமா என்று முகம் சுளித்தவர்கள் உண்டு. முதல் தொகுப்பு ‘நடுநிசி நாய்கள்’ 1975இல் வந்தது, ‘யாரோ ஒருவனுக்காக’ 1987இல். பிறகு 1996இல் எல்லாவற்றையும் சேர்த்து ‘107 கவிதைகள்’. கிட்டத்தட்ட நாற்பது வருட உழைப்பின் எண்ணிக்கை அவ்வளவுதான்.

உணர்ச்சி பொங்கும் கவிஞர் அல்லர். இசை குறைவு, சிந்தனை அதிகம், பேச்சுமொழிக்குப் பக்கத்தில் நிற்கும் உரைநடை ஓட்டம். சில கவிதைகள் வறண்டும் இருக்கின்றன, அதை மறைக்கவேண்டியதில்லை. ஆனால் ‘உன் கவிதையை நீ எழுது’ எத்தனை பேரை எழுத வைத்திருக்கும் என்று கணக்கே இல்லை. உன் அனுபவத்தை நீ எழுதாமல் என்னை ஏன் குறை சொல்கிறாய் என்று அடுத்தவனை நோக்கித் திரும்பும் கவிதை அது. தன் மரணச் செய்தி கேட்டு நண்பன் என்ன செய்யவேண்டும், என்ன செய்யக்கூடாது என்று பேசும் ‘என் நினைவுச் சின்னம்’ கவிதையை அவர் காலமானபோது பலர் எடுத்து வாசித்தார்கள். புகழ்மொழி, கூட்டம், சிலை எல்லாவற்றையும் கூச்சத்தோடு தள்ளிவிடும் கவிதை.

‘நடுநிசி நாய்கள்’ சினிமாவுக்கும் இவருக்கும் சம்பந்தம் உண்டா?

பெயர் மட்டும்தான் ஒன்று. 2011இல் கௌதம் மேனன் இயக்கிய படத்தின் கதைக்கும் இந்தக் கவிதைகளுக்கும் தொடர்பில்லை.

சிறுகதைகளில் எதைப் படிக்கலாம்?

முதலில் ‘பிரசாதம்’. அவசரமாக ஐந்து ரூபாய் தேவைப்படும் போலீஸ்காரர் ஒருவர் கோயில் அர்ச்சகரை மடக்கிக் கேஸ் போடப் பார்க்கிறார். மிரட்டலில் தொடங்கி அது போகும் இடம் அழகானது. ‘ரத்னாபாயின் ஆங்கிலம்’ கதையில் ஓர் ஆசிரியை தன் ஆங்கிலக் கடிதத்தின் அழகில் தானே மயங்கி, கைக்கு மீறிய பட்டுப்புடவை விவகாரத்தில் மாட்டிக்கொள்கிறார். 60களின் பிற்பகுதியில் சில வருடங்கள் கதை எழுதுவதையே ஏறக்குறைய நிறுத்திவிட்டுத் திரும்பிவந்தார். அதற்குப் பின் வந்த ‘பல்லக்குத் தூக்கிகள்’ போன்ற கதைகள் உருவகத் தன்மை கொண்டவை, மொழி இறுகியவை. சிலருக்கு முந்தைய சு.ரா. பிடிக்கும், சிலருக்குப் பிந்தையவர்.

காலச்சுவடு அவர் தொடங்கியதா?

ஆம், 1988இல் காலாண்டிதழாகத் தொடங்கினார். சில இதழ்களோடு நின்றது. 1994இல் அவர் மகன் கண்ணன் மீண்டும் கொண்டுவந்தார். அது பதிப்பகமாகவும் வளர்ந்தது. இதழுக்கு முன்பே நாகர்கோவில் வீட்டில் ‘காகங்கள்’ என்ற பெயரில் இலக்கியக் கூட்டங்கள் நடத்தினார். வயதும் படிப்பும் பார்க்காமல் யார் வந்தாலும் உட்காரவைத்து மணிக்கணக்கில் பேசினார் என்று அந்த வீட்டுக்குப் போய்வந்த எழுத்தாளர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். பின்னாளில் அவரோடு முரண்பட்டுப் பிரிந்தவர்களும் இதை மறுக்கவில்லை.

சாகித்ய அகாதமி விருது கிடைத்ததா?

கிடைக்கவில்லை. இதைப் படிப்பவர்கள் பலமுறை ஆச்சரியப்படும் விஷயம். கவிதைக்காகக் குமாரன் ஆசான் நினைவு விருது, கனடாவின் இலக்கியத் தோட்டம் வழங்கும் இயல் விருது, கதா சூடாமணி விருது ஆகியவை கிடைத்தன. இயல் விருதை முதன்முதலில் பெற்றவர் அவர்தான், 2001இல்.

அவர் மீதான விமர்சனங்கள் என்ன?

நிறைய. மேட்டிமைத்தனம் கொண்டவர், வெகுஜன எழுத்தை இகழ்ந்தவர் என்பது பழைய குற்றச்சாட்டு. 2005இல் வெளிவந்த ‘பிள்ளை கெடுத்தாள் விளை’ சிறுகதை ஒரு தலித் பெண்ணைச் சித்திரித்த விதத்துக்காகத் தலித் எழுத்தாளர்கள் கடுமையாகக் கண்டித்தார்கள். ஆதரித்தும் எதிர்த்தும் எழுதப்பட்டவை ஏராளம். கதையையும் எதிர்வினைகளையும் சேர்த்துப் படிப்பதே சரி. அந்தக் கோபத்தை வெறும் புரிதல் பிழை என்று ஒதுக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. வெகுஜன எழுத்து பற்றிய குற்றச்சாட்டில் மட்டும் நான் அவர் பக்கம். வாசகனை அவர் தாழ்வாக நினைத்திருந்தால் அவனிடம் இவ்வளவு எதிர்பார்த்திருக்க மாட்டார்.

எந்த வரிசையில் வாசிப்பது?

‘பிரசாதம்’, ‘விகாசம்’ இரண்டு கதைகள். பிறகு புளியமரம். ஜீவா கட்டுரையை நடுவில் வைத்துக்கொள்ளுங்கள், ஒரே மூச்சில் முடியும். அப்புறம் ஜே.ஜே., கூடவே பசுவய்யாவின் கவிதைகளை நாலைந்தாக. குடும்ப நாவலுக்கு அவசரப்படாமல் ஒரு நீண்ட விடுமுறையை ஒதுக்குங்கள்.

தமிழ் வாசிக்கத் தெரியாத நண்பருக்குக் கொடுக்க மொழிபெயர்ப்பு உண்டா?

மூன்று நாவல்களுமே ஆங்கிலத்தில் இருக்கின்றன. புளியமரத்தை எஸ். கிருஷ்ணனும், பிறகு 2013இல் பிளேக் வென்ட்வொர்த்தும் மொழிபெயர்த்தார்கள். ஜே.ஜே.யை ஆ.இரா. வேங்கடாசலபதியும், மூன்றாவது நாவலை லக்ஷ்மி ஹோம்ஸ்ட்ராமும் ஆங்கிலமாக்கினார்கள். புளியமரம் ஹீப்ரு மொழிக்கும் போயிருக்கிறது, மொழிபெயர்த்தவர் ரோனித் ரிச்சி. நண்பர் மலையாளம் படிப்பவர் என்றால் ஜே.ஜே.யிலிருந்தே தொடங்கச் சொல்லலாம். அந்த நாவலின் ஊர்கள், ஆட்கள், சண்டைகள் எல்லாம் அவருக்குப் பழகினவையாக இருக்கும்.